மயூரியின் இரண்டாவது பாய்ச்சல்

மயூரியும் நானும் ஒரே கிளப்பில்தான் சைக்கிள் ஓடத் தொடங்கினோம். கொழும்பில் நான் மாளிகாவத்தை, அவள் கொட்டாஞ்சேனை. தெருவை லொறிகள் நிறைக்க முதல், விடிய வெள்ளென ஹெந்தளைப் பக்கம் ஓடிவிட்டு வருவோம். மலைநாட்டுப் பயிற்சிக்குப் போனால் மேட்டில் அவளை நெருங்கவே முடியாது. எனக்கு மூச்சு முட்டும் இடத்தில்தான் அவள் ஊர்க்கதை கதைக்கத் தொடங்குவாள்.

அவள் தேசிய சம்பியனான வருஷம் அந்த விபத்து நடந்தது. நிறுத்தியிருந்த வேனின் கதவை யாரோ பின்னால் பார்க்காமல் திறக்க, வேகமாக வந்தவள் மோதி விழுந்தாள். தோளெலும்பு முறிந்தது. ஒலிம்பிக் தகுதிக்கான ஆசியப் போட்டிக்குச் சில மாதங்களே இருந்தன.

"இந்த முறை விடு மகள்," என்றார் எங்கள் கோச் சிறில்.

"தோள்தானே சேர் முறிஞ்சது. கால் நல்லாத்தான் இருக்கு."

கையைக் கட்டித் தொங்கப் போட்டபடி, வீட்டு அறைக்குள் ஸ்டாண்டில் பூட்டிய சைக்கிளை மிதித்தாள். அவளுடைய அம்மா யோகேஸ்வரி முதலில் ஏசினார். பிறகு அவரே ஃபேனைத் தூக்கிவந்து அவள் பக்கம் திருப்பிவைத்தார்.

ஆசியப் போட்டியில், எதிர்காற்று அவளைக் களைக்கவைக்காதபடி அவளுக்கு முன்னால் ஓடி மறைத்தவள் நான். கடைசி மேட்டின் அடியில் ஒதுங்கி, "போடீ!" என்று கத்தினேன். போனவளை யாராலும் பிடிக்க முடியவில்லை. தங்கம்.

ஒலிம்பிக்கில் எங்கள் நாட்டுக்கு ஒரே ஒரு இடம்தான். நான் யோகேஸ்வரி ஆன்டியுடன் டிவி முன்னால் இருந்தேன். பாதித் தூரம்கூட முடியவில்லை, மயூரி கூட்டத்தை விட்டுத் தனியாகப் பாய்ந்தாள்.

"என்ன ஷஹீமா, இவ்வளவு முதலேயா?" ஆன்டி என் கையைப் பிடித்துக்கொண்டார்.

பயந்தபடியே கடைசி மேட்டுக்குக் கிட்ட பேர்போன வெளிநாட்டு வீராங்கனைகள் அவளைப் பிடித்துவிட்டார்கள். இனி பின்னுக்குப் போய்விடுவாள் என்றே நானும் நினைத்தேன். பிடித்த நிம்மதியில் அவர்கள் தண்ணீர்ப் போத்தலை எடுத்த நேரம், மயூரி சீட்டிலிருந்து எழும்பி மறுபடி பாய்ந்தாள். ஒரு நெதர்லாந்துக்காரியால் மட்டும்தான் தொடர முடிந்தது. முடிவுக்கோட்டில் அவள் மயூரியை ஒரு சைக்கிள் சில்லின் அளவில் முந்தினாள். எங்களுக்கு வெள்ளி.

அன்றைக்கே மயூரி போனில் கோல் எடுத்தாள்.

"பிடிப்பாங்க எண்டு தெரிஞ்சும் ஏன்டீ முதல் தனியப் போனாய்?" என்று கேட்டேன்.

"துரத்த வச்சாத்தான் அவங்க களைப்பாங்க. களைக்காட்டி கடைசியில என்னால வெல்லவே ஏலாது."

"நீயும் களைச்சிருப்பியே?"

"ஓம். ஆனா நான் களைப்பன் எண்டு எனக்கு முதலே தெரியும். தாங்களும் களைப்பம் எண்டு அவங்க எதிர்பார்க்கேல்ல."

ஆன்டி போனை வாங்கினார். தெருவெல்லாம் வெடி கொளுத்தும் சத்தம் மகளுக்குக் கேட்கட்டும் என்று, போனை ஜன்னலுக்கு வெளியே நீட்டிப் பிடித்தார்.