இருபத்தைந்தில் நின்ற சூடு

என் கல்யாணத்துக்கு அண்ணன் ஷோகென் கொடுத்த சீர், நூற்றிருபது முதலை ஆமைக் குஞ்சுகள். தாராள மனசுக்காரன் என்று ஊரே மெச்சியது. நானும் மெச்சினேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

எங்கள் பக்கத்தில் அந்த ஆமைகளை முதலில் வளர்த்தவர் என் அப்பா. வளர்ந்தால் சோற்றுக் குண்டான் அகலம் இருக்கும். மூங்கில் கழியை ஒரே கடியில் துண்டாக்கும். மீன் வெட்டிக் குளத்தில் போடுவதுதான் என் வேலை. ஆமையைப் புரட்டி ஆணா பெண்ணா என்று பார்ப்பது, முட்டை எடுப்பது, பொரிக்க வைப்பது எல்லாம் ஆண்கள் பாடு. பெண் இன்னொரு வீட்டுக்குப் போகிறவள், அவளோடு தொழிலும் போய்விடும் என்று முட்டை அறைக்குப் பூட்டுப் போட்டு வைப்பார்கள்.

என் கல்யாணம் நிச்சயமான கோடையில் அந்தப் பூட்டு எனக்குத் திறந்தது. அப்பாவுக்கு அப்போது பக்கவாதம் வந்து ஒரு பக்கம் விழுந்துவிட்டது. அண்ணன்தான் சின்ன அறை ஒன்றை ஒதுக்கிக் கொடுத்தான்.

"உன் சீர் முட்டைய நீயே பாத்துக்க, தங்கச்சி. புரட்டிடாத, உள்ள இருக்கறது செத்துரும். சூடு இருபத்தஞ்சுல நிக்கணும். ஏறுச்சுன்னா ஐஸ் வை."

மூன்று மாதம் ஐஸ் சுமந்தேன். காலையும் மாலையும் கரும்பலகையில் சாக்பீஸால் இருபத்தைந்து என்று எழுதினேன். அண்ணனின் முட்டைகள் ஒரு மாதம் முன்னாலேயே பொரிந்தன. "மெதுவா வந்தா குஞ்சு உறுதியா இருக்கும்" என்றான், நம்பினேன். முற்றத்து நாற்காலியில் கிடந்த அப்பா தினமும் குழறலாகக் கேட்பார், "நிக்குதா?"

"நிக்குதுப்பா."

நல்ல கையால் என் விரல்களைப் பிடித்துக்கொள்வார். "உன் கை நிலையான கைம்மா." அந்த ஒரு வார்த்தைக்காக இன்னும் மூன்று மாதம் சுமந்திருப்பேன்.

என் கணவர் போலியாங் வீடு ஆற்றுக்கு அக்கரையில். பட்டுப்புழு வளர்க்கும் குடும்பம். ஆமைக்குளத்துக்காக மனுஷன் பாதி மல்பெரித் தோட்டத்தை வேரோடு பிடுங்கினார். சொந்த முட்டை, சொந்தக் குஞ்சு, அதுதான் எங்கள் இரண்டு பேர் கனவும். ஐந்தாறு வருஷத்தில் முட்டையிடும் என்று அண்ணன் சொல்லியிருந்தான். கரையில் மணல்மேடு கட்டிக் காத்திருந்தோம்.

ஆறாம் வருஷம் ஒன்றுமில்லை. ஏழாம் வருஷம் மணலை மாற்றினேன், இறால் போட்டேன், ஊதுபத்தி கொளுத்தினேன். குளத்தில் மட்டும் ஓயாத ரகளை. வயிற்றோடு வயிறு ஒட்டிக்கொண்டு கடித்துப் புரளும்.

"உன் ஆமைங்களுக்கு வெக்கமே இல்லடி. பட்டப்பகல்லயே ஆரம்பிச்சிருச்சுங்க" என்பார் போலியாங். நானும் வாயைப் பொத்திச் சிரிப்பேன்.

அண்ணன் வருஷா வருஷம் புத்தாண்டுக்கு வந்து, என் கையால் வாத்துக்கறி தின்றுவிட்டுக் குளக்கரையில் நிற்பான். "நல்லா வளந்திருக்கு, தங்கச்சி. இன்னும் ஒரு வருஷம் பொறு."

இந்த எட்டாம் வருஷம் வைகாசி வெயிலில், வளர்ந்த ஆமைகளைப் பார்க்க வந்த வியாபாரி தாவோ அம்மா ஒன்றை வாலைப் பிடித்துத் தூக்கிப் புரட்டினாள். "ஆண்." இன்னொன்று, ஆண். இருபதாவதும் ஆண்.

"ஏம்மா, சாமியார் மடமா நடத்தற? பொம்பளையே இல்லையே! இதுங்க கட்டிப் புரள்றது சண்டைம்மா, சரசமில்ல." விழுந்து விழுந்து சிரித்தாள். பிறகு கேட்டாள், "ஆமா, எத்தன டிகிரில பொரிச்சே?"

"இருபத்தஞ்சு."

அவள் சிரிப்பு நின்றது. "முப்பதுல வெச்சா பொண்ணு, இருபத்தஞ்சுல வெச்சா பையன். தொழில் தெரிஞ்சவங்க யாருமே உனக்குச் சொல்லலையா?"

சொன்னானே, என் அண்ணனே சொன்னானே, இருபத்தைந்து என்று! அடுத்த படகில் ஏறினேன்.

அண்ணன் முட்டை அறையில் ஒவ்வொரு முட்டையின் மேல்புறத்திலும் பென்சிலால் குறி போட்டுக்கொண்டிருந்தான். "எனக்கு மட்டும் ஏண்ணே இருபத்தஞ்சு?" என்றேன்.

பென்சில் நிற்கவில்லை. "அக்கரையில இன்னொரு முட்டைப் பண்ணை வந்தா எங்கிட்ட குஞ்சு வாங்க யாரு வருவா? நீ இப்ப அவங்க வீட்டுப் பொண்ணு. ஆணுக்கும் நல்ல எடை இருக்கு, கறிக்குப் போடு."

"கூடப் பொறந்தவ கழுத்த அறுத்துட்டு, வருஷா வருஷம் அவ வீட்டுலயே வந்து தின்னியே, வெக்கமா இல்ல? அப்பாவுக்கு மட்டும் தெரிஞ்சிருந்தா உன் கால ஒடிச்சிருப்பாரு!"

இப்போது நிமிர்ந்தான். அவன் முகத்தில் இருந்தது வெட்கமில்லை, பரிதாபம். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

"இருபத்தஞ்சுன்னு சொன்னதே அவருதான், தங்கச்சி. கொஞ்சம் பொண்ணும் கலந்து குடுக்கலாம்ப்பான்னு நான் கேட்டேன். கூடவே கூடாதுன்னுட்டாரு. தினம் உன்னக் கூப்பிட்டு நிக்குதா, நிக்குதான்னு கேட்டாரே, எதுக்குன்னு நெனச்ச?"

அப்பா போய் நாலு வருஷம். தினமும் அவர் படத்துக்கு ஊதுபத்தி ஏற்றுகிறேன். அண்ணன் செய்ததற்கு எனக்குக் கோபம் வந்தது. இதற்கு அழுகைகூட வரவில்லை.

கரும்பலகைக்கு அடியில் கிடந்த சாக்பீஸை எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன். அண்ணனிடம் குஞ்சு வாங்க வருகிறவர்கள், வியாபாரிகள் எல்லாரும் ஏறி இறங்குகிற படகுத்துறைச் சுவரில், தூரத்தில் இருந்தே தெரிகிற மாதிரி எழுதினேன்: முப்பது, பெண். இருபத்தைந்து, ஆண்.

ஒரு எழுத்துக்கூடக் கோணவில்லை. என் கை நிலையான கை என்று அப்பாவே சொல்லியிருக்கிறார்.