காப்டன் மட்டும் பேசலாம்

பொது அறிவுப் போட்டி என்றால் இப்போது பட்டன், விளக்கு, டிக் டிக் என்று ஓடும் கடிகாரம் எல்லாம் உண்டு. அறுபத்தாறில் மாதுங்காவில் நடந்த போட்டியில் இருந்தது ஒரே ஒரு மைக். அதுவும் நினைத்தால் ஊளையிடும். பள்ளிக்கு இரண்டு பேர் மேடையேறுவார்கள், கலந்து பேசிக்கொள்ளலாம். ஆனால் விடையைக் காப்டன்தான் சொல்ல வேண்டும். மற்றவள் வாயைத் திறந்தால் மார்க் போச்சு.

பூமாரிதான் அந்த மற்றவள்.

விடையெல்லாம் தெரிந்தவள் அவள்தான். மளிகைப் பொட்டலம் சுற்றி வந்த காகிதத்தைக்கூடப் படிக்காமல் விடமாட்டாள். என்ன செய்ய, தாராவியில் வளர்ந்த வாய். திருநெல்வேலித் தமிழில் ஆரம்பித்து இந்தியில் போய் முடியும். அதனால் அகிலாண்டம் டீச்சர், "நீ விடையைச் சொல்லிக் கொடு. ஷ்யாமளா காப்டனா இருந்து மைக்ல பேசட்டும்" என்று முடித்துவிட்டாள். பூமாரிக்கு அதில் வருத்தமே இல்லை, அப்பா வருகிறேன் என்று சொல்லும்வரை.

அப்பா சொரிமுத்துவுக்குத் தோல் பட்டறையில் வேலை. படித்தது போதும், ஜூனிலிருந்து பெண் வீட்டில் இருக்கட்டும் என்று ஏறக்குறைய முடிவு செய்திருந்தார். டீச்சர் வீடு தேடி வந்து கெஞ்சியதில் கொஞ்சம் இறங்கி வந்தார்.

"சரி, புள்ள அங்க என்னதான் செய்யுதுன்னு வந்து பாக்கேன். பொறவு பேசுவோம்."

வந்து பார்த்து என்ன ஆகப்போகிறது? மகள் பக்கத்துப் பெண்ணின் காதைக் கடிப்பதைத்தான் பார்ப்பார். மேடையேறும் முன் ஷ்யாமளாவிடம் இதைச் சொல்லிப் பூமாரி அழுதே விட்டாள்.

"கண்ணைத் துடைச்சுக்கோடி, கூப்பிடறா" என்றாள் ஷ்யாமளா.

முன்வரிசையில் ஷ்யாமளாவின் அம்மா ருக்கு மாமி பட்டுப் புடவையில் உட்கார்ந்து, மகள் சொன்ன ஒவ்வொரு விடைக்கும் கைதட்டினாள். கடைசி வரிசைக்குப் பின்னால், நாற்காலி காலியாக இருந்தும், சொரிமுத்து சுவரில் சாய்ந்து நின்றார். அவர் கைதட்டவில்லை.

இரண்டு பள்ளிகள் சமமாக வந்து நின்றன. கேள்வி கேட்டவர் சந்திரமௌலி என்ற பாங்க் அதிகாரி. கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு கேட்டார்: "இந்தியாவின் முதல் பயணிகள் ரயில் எங்கிருந்து எங்கே போயிற்று?"

பூமாரி காதில் சொன்னாள். ஷ்யாமளா மைக்கை எடுத்தாள். கப்பு அவள் கைக்கெட்டும் தூரத்தில் மேஜைமேல் இருந்தது. அவள் நிமிர்ந்து கடைசிச் சுவரைப் பார்த்தாள். பிறகு மைக்கைப் பூமாரியின் வாய்க்கு நேராகப் பிடித்தாள்.

"நீயே சொல்லுடி."

"போரிபந்தர்ல இருந்து தானாவுக்கு." ஹால் முழுவதும் பூமாரியின் குரல் கேட்டது.

"விடை சரி. ஆனா காப்டன் சொல்லலையே, மார்க் கிடையாது" என்றார் சந்திரமௌலி. அடுத்த கேள்வியில் கப்பு எதிர்ப்பக்கம் போயிற்று. ருக்கு மாமி எழுந்து வெளியே போய்விட்டாள். டீச்சர் பல நாள் ஷ்யாமளாவுக்கு முகம் கொடுத்துப் பேசவில்லை.

கிங்ஸ் சர்க்கிளைத் தாண்டி நடக்கும்போது சொரிமுத்து கேட்டார். "ஏட்டி, சரியாத்தான சொன்ன? பொறவு ஏன் மார்க் இல்லங்காவ?"

"காப்டன்தான் சொல்லணும்ப்பா. நான் பேசுதத நீங்க கேக்கணும்னு அவ எனக்கு மைக்கக் குடுத்துட்டா."

அவர் நின்றுவிட்டார். "கூறுகெட்ட புள்ளைகளா. மொதக் கேள்விலயே எனக்குத் தெரிஞ்சு போச்சே. வாயத் தொறக்கதுக்கு முன்னால அந்தப் புள்ள ஒவ்வொரு தடவையும் ஒம் மொகத்தத்தான பாத்துச்சு. எனக்கென்ன கண்ணா அவிஞ்சு போச்சு? நீ படி. எது வரைக்கும் படிக்கணுமோ படி."

பூமாரிக்குச் சந்தோஷத்தில் அழுகை வந்தது. அடுத்த நிமிஷமே கப்பை நினைத்தும் அழுகை வந்தது.

பூமாரி டீச்சராகி, ரிடையரும் ஆகிவிட்டாள். ஷ்யாமளா செம்பூரில் இருக்கிறாள். இருவரும் இன்றும் கிங்ஸ் சர்க்கிளில் சந்தித்துக் காபி குடிப்பார்கள். பாதி டம்ளர் காலியாவதற்குள் ஷ்யாமளா அந்தப் பேச்சை எடுத்துவிடுவாள். எடுக்கும்போதே அவள் முகத்தில் ஒரு பெருமை வரும்.

"அன்னிக்கு நான் மட்டும் மைக்கை நீட்டலேன்னா உன் படிப்பு என்ன ஆயிருக்கும், சொல்லு?"

"அன்னிக்கோட நின்னுருக்கும்ட்டி" என்பாள் பூமாரி. இத்தனை வருஷமாக அதே பதில்தான்.