ஓடுகிற கிரைண்டர்

லோகநாதன் கிரைண்டரைத் தூக்கிக்கொண்டு ஷேர் ஆட்டோவில் ஏறியபோது கலைவாணி வீட்டில் இல்லை. மாவு கட்டுகிற பிளாஸ்டிக் கவர் வாங்கக் கடைக்குப் போயிருந்தாள். அவள் போகட்டும் என்று காத்திருந்துதான் தூக்கினான். கேட்டால் கொடுக்க மாட்டாள் என்று அவனுக்கு நன்றாகத் தெரியும்.

"இன்னா மாமே, கல்லு வெயிட்டா கீதா?" என்றான் ராகேஷ். பக்கத்து வீட்டுக்காரன். அவன் மடியில் ஒரு மேஜை ஃபேன் இருந்தது. அதற்கு இறக்கை இல்லை.

இரண்டு பேரும் கரையான்சாவடியிலிருந்து குமணன்சாவடிக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். அங்கே ஜானகிராமன் கூட்டம். சுயேச்சையாகத் தேர்தலில் நிற்கிறவர். அரசாங்கம் இலவசமாகக் கொடுத்த மிக்சி, ஃபேன், கிரைண்டரை எல்லாம் மேடைக்குக் கொண்டுவந்து திருப்பிக் கொடுங்கள் என்று வீடியோவில் சொல்லியிருந்தார்.

ஜானகிராமன் ஓட்டுக் கேட்டு வரும்போது யாரையும் கும்பிட மாட்டார். இடுப்பில் கை வைத்துக்கொண்டு நிற்பார். "நீ எனக்கு சாமி இல்ல, நான் உனுக்கு வேலைக்காரன் இல்ல. ஜெயிச்சா உனுக்கு ஒண்ணும் தர மாட்டேன். உன் பாக்கெட்டுல கைய வுடறத நிறுத்துவேன். அவ்ளோதான்" என்பார். முன்பு ஹார்டுவேர் கடை வைத்திருந்தவர். கடைக்கு ஒரு போர்டு மாட்ட எத்தனை ஆபீஸ் மேஜைக்கு முன்னால் நின்றேன் என்று அவர் ஆரம்பித்தால், கேட்கிறவர்களுக்குத் தாங்கள் நின்ற மேஜைகள் ஞாபகம் வந்துவிடும். பட்டா மாற்றப் போனவன், தள்ளுவண்டிக்கு அனுமதி கேட்கப் போனவன், செத்துப்போன அப்பாவுக்குச் சான்றிதழ் வாங்கப் போனவன் எல்லோரும் கைதட்டுவார்கள். "உன் சோறு, உன் கடை, உன் குடி. இதுல எவனுக்கு இன்னாடா வேலை?" என்பார். குடிக்கிறவனும் விசில் அடிப்பான், குடிக்காதவனும் அடிப்பான். எதிரே இருக்கிறவர்களையே திட்டுவார். திட்டு வாங்கியவன் மறுநாள் மச்சானையும் கூட்டிக்கொண்டு வருவான். ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை காலில் விழுகிறவர்களைப் பார்த்துப் பார்த்து, முகத்துக்கு நேரே திட்டுகிறவனிடம் ஏதோ மரியாதை இருப்பதாகப் பட்டது அவர்களுக்கு.

லோகநாதனுக்கு இன்னொரு காரணமும் இருந்தது. அம்பத்தூர் எஸ்டேட்டில் ரப்பர் கம்பெனி நைட் ஷிஃப்டை அவன் விட்டு நின்றதிலிருந்து குடும்பம் கலைவாணியின் இட்லி மாவில் ஓடியது. டீ குடிக்கக்கூட அவளிடம்தான் கேட்க வேண்டும். அவள் முகம் சுளிக்காமல் கொடுப்பாள். அதுதான் அவனுக்கு இன்னும் எரியும். "எவன் தயவும் வாணாம்னு நிக்கறவன்தான் மனுசன்" என்று ஜானகிராமன் சொல்லும்போது தானும் அப்படி ஒருவன் என்று தோன்றும். கூட்டம் முடிந்து வீட்டு வாசல் வரும்வரை தோன்றும்.

மேடைக்கு முன்னால் பெரிய குவியல் சேர்ந்திருந்தது. ஜாடி இல்லாத மிக்சிகள், கருகின மோட்டார்கள், உடைந்த ஃபேன் கூண்டுகள். லோகநாதன் கிரைண்டரை மேடையிலேயே கொண்டுபோய் வைத்தான். ஓரத்தில் அரசு முத்திரை பாதி உரிந்து ஒட்டிக்கொண்டிருந்தது.

ஜானகிராமன் குனிந்து பார்த்தார். "ஓடுதா?"

"ஓடுதுண்ணே."

ஒரு பையன் மைக் செட் இணைப்பிலிருந்து ஒயர் இழுத்துக் கொடுத்தான். சுவிட்சைப் போட்டார்கள். கல் கடகடவென்று சுற்றியது. கூட்டம் ஓவென்று கத்தியது.

"பாருங்கடா!" என்றார் ஜானகிராமன் மைக்கில். "ஓடறத கொணாந்தவன் இவன் ஒருத்தன்தான். மத்தவன்லாம் காயலான் கடையில கூட எடுக்காதத எங்கிட்ட தள்ளிட்டுப் போறான். வெக்கமா இல்ல?"

திட்டு வாங்கியவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். ராகேஷ் எல்லோரையும்விட உரக்கச் சிரித்துக்கொண்டே போனில் படம் பிடித்து ஸ்டேட்டஸ் போட்டான். லோகநாதன் மேடையில் நெஞ்சை நிமிர்த்தி நின்றான். கம்பெனியை விட்டபிறகு அவன் அப்படி நின்றதில்லை. இறங்க மனம் வராமல் ஓரமாக ஒரு நாற்காலியில் உட்கார்ந்துகொண்டான்.

பேச்சு பாதியில் இருந்தபோது கலைவாணி வந்தாள். ஸ்டேட்டஸைப் பார்த்துவிட்டு ஆட்டோ பிடித்து வந்திருந்தாள். கவர் கட்டு இன்னும் கையில் இருந்தது. கூட்டத்தைப் பிளந்துகொண்டு நேராக மேடை ஏறினாள். லோகநாதனைத் திரும்பிப் பார்க்கவில்லை.

"அண்ணே, அந்த கிரைண்டர் என்து. குடுத்துருங்க."

ஜானகிராமன் மைக்கை இறக்கவில்லை. "உன் வூட்டுக்காரர்தானேம்மா குடுத்தாரு?"

"அவரு குடுக்க அது அவருதா? எங்கம்மா கன்னியம்மா, முத்தாபுதுப்பேட்டையில நாள் முச்சூடும் கியூல நின்னு வாங்கினது. கண்ணாலத்துக்கு எனுக்குக் குடுத்துச்சு. மோட்டாரு ரெண்டு தபா எரிஞ்சுது. நான்தான் காயில் கட்டினேன், நான்தான் பெல்ட்டு மாத்தினேன். ஊட்ல அரிசியும் உளுந்தும் ஊறிகினு கீது. இன்னும் நேரமாச்சுன்னா புளிச்சுப்பூடும். சாயந்திரம் மாவு கேட்டு ஜனம் வாசல்ல நிக்கும். நீங்க நல்லாத்தான் பேசறீங்க, நானும் போன்ல கேக்கறேன். பேச்ச அரைச்சு விக்க முடியாதுண்ணே."

அவள் பேசியதெல்லாம் ஒலிபெருக்கியில் பூந்தமல்லி சாலை வரை கேட்டது. ஜானகிராமன் திரும்பினார்.

"தம்பி, இங்க வா. கேட்டுட்டு எடுத்தியா?"

பொய் சொல்லலாம் என்றுதான் லோகநாதனுக்கு முதலில் தோன்றியது. "இல்லண்ணே."

"இன்னா வேல பாக்கற?"

"இப்போதிக்கி... ஊட்லதான்."

ஜானகிராமன் கூட்டத்தைப் பார்த்தார். "அடுத்தவங்க சம்பாதிச்சத கேக்காம எடுத்து, தானம் பண்ணிட்டு, மேடையில மாலைக்கு நிக்கறது. இதுக்கு இன்னா பேரு? இதுக்குப் பேருதான்டா கவர்மென்ட்டு!"

அன்றைக்குப் பேசியதில் இதற்குத்தான் பெரிய விசில். முன்வரிசையில் ஒரு பெரியவர் துண்டைச் சுழற்றினார். லோகநாதனுக்குக் காதும் கழுத்தும் கொதித்தன. அதைவிடக் கேவலம், அவன் கைகள் தாமாகவே பாதி உயர்ந்திருந்தன. இன்னொருவனைப் பற்றி அவர் அதைச் சொல்லியிருந்தால் அவன்தான் முதலில் தட்டியிருப்பான்.

"எத்துனு போம்மா" என்றார் ஜானகிராமன், மைக்கைப் பொத்திக்கொண்டு. "நான் கைதட்ட வுட்டிருக்கக் கூடாது. யாருதுன்னு மொதல்ல கேட்டிருக்கணும்."

கலைவாணி கயிறு கேட்டு வாங்கி மூடியைக் கட்டினாள். ஒயர் இழுத்த பையன் தூக்கி ஆட்டோவில் வைத்தான். லோகநாதனும் மேடையிலிருந்து இறங்கிவந்து ஏறிக்கொண்டான். கிரைண்டர் இருவருக்கும் நடுவில் இருந்தது. வழி நெடுக அவள் அதன்மேல் கை வைத்துக்கொண்டு வந்தாள். குழி வரும்போது அழுத்திப் பிடித்தாள். "கலை" என்று ஒருமுறை கூப்பிட்டான். அவள் வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் போன் அடித்துக்கொண்டே இருந்தது. ராகேஷ். இந்த இரண்டாவது வீடியோவையும் அவன் போட்டிருப்பான்.

வீட்டு வாசலில் ஆட்டோ நின்றது. மாவுக்கு வந்த பெண்கள் இரண்டு பேர் பாத்திரத்தோடு படியில் உட்கார்ந்திருந்தார்கள். அவனைப் பார்த்ததும் ஒருத்தி வாயை முந்தானையால் மூடிக்கொண்டாள். அவர்களும் பார்த்துவிட்டார்கள்.

வழக்கமாக வண்டியிலிருந்து கனமான சாமானை அவன்தான் தூக்குவான். கையை நீட்டியவன் இழுத்துக்கொண்டான்.

"தூக்கட்டுமா?" என்றான். அந்தப் பெண்கள் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

கலைவாணி அவன் முகத்தைப் பார்த்தாள். கயிற்றை அவிழ்த்தாள், மூடியைத் திறந்தாள், உள்ளே இருந்த கல்லை எடுத்து அவன் கையில் வைத்தாள்.

"இத மட்டும் எத்துனு வா" என்றாள். மீதியைத் தன் இடுப்பில் ஏற்றிக்கொண்டு அவனுக்கு முன்னால் படியேறினாள்.