வெள்ளாங்குன்று டிராமின் நிரந்தர எடை

ஜஸ்டஸின் எடை ஐம்பத்தெட்டு கிலோ. பொறாமைப்பட்டால் ஆயிரத்து நூற்று நாற்பது. வெள்ளாங்குன்றில் இது, ஞாயிற்றுக்கிழமை மீன் வராது என்பதைப்போல எல்லாருக்கும் தெரிந்த விவரம். டிராம் கமிட்டியின் பதிவேட்டில் அவன் பெயருக்கு எதிரே, பதவி என்ற கட்டத்தில், 'எடை (நிரந்தரம்)' என்று எழுதி ரப்பர் ஸ்டாம்பு குத்தியிருக்கிறார்கள்.

பாறசாலைக்கும் நெய்யாற்றின்கரைக்கும் நடுவே, ரயில் பாதையிலிருந்து வடக்கே தள்ளி நிற்கிறது வெள்ளாங்குன்று. மேலே நூற்றுப்பதினான்கு வீடு, ஒரு பழைய மிஷன் சபை. ஒரு காலத்தில் அங்கே வெள்ளைக் களிமண் இருந்தது. அதை இறக்கத்தான் கம்பெனி 1952-ல் டிராம் போட்டது. எஞ்சின் கிடையாது. ஒரே இரும்புக் கயிறு, அதன் இரு முனையிலும் இரு வண்டிகள்: ஒன்று சிவப்பு, ஒன்று பச்சை. கயிறு மேலே ஒரு பெரிய சக்கரத்தைச் சுற்றி வரும், சக்கரத்தைப் பிடித்து நிறுத்தப் பிலாமரக் கட்டையில் பிரேக்கு. மண் ஏற்றிய வண்டி தன் பாரத்தில் இறங்கும்போது காலி வண்டி தானாக மேலே ஏறும். பாதை நடுவில் மட்டும், தண்ணீர் நிறைந்த பழைய குழியின் விளிம்பில், இரண்டாகப் பிரிந்து மறுபடி சேரும். வண்டிகள் ஒன்றையொன்று கடப்பது அங்கேதான், கைக்கெட்டும் தூரத்தில். அடிவாரத்தில் வண்டி போய் நிற்கிற இடம் ஓர் எடைமேடை. வந்து நின்றதும் வண்டியின் சொந்த எடை கழிந்து சரக்கின் எடையை மட்டும் ஊசி காட்டும். 2006-ல் மண் தீர்ந்தது, கம்பெனி போனது. போகிற போக்கில் ரோட்டுக்கு அடியில் இருந்த மண்ணையும் அள்ளிப் போனதால் ரோடும் போனது. மிச்சம் நானூற்றுப் பன்னிரண்டு படியும் டிராமும்.

காலையில் சிக்கலில்லை. குன்றே கீழே போகும்; பாரம் உண்டு, வண்டி ஓடும். மாலையில்தான் வினை. எல்லாருக்கும் மேலே வரவேண்டும், கீழே போக ஆளில்லை. கல்லை ஏற்றி இறக்கிப் பார்த்தார்கள். மூன்று வாரத்தில் மேலே கல் தீர்ந்து, கீழே ஒரு சின்னக் குன்று முளைத்தது. பீப்பாயில் தண்ணீர் நிரப்பினார்கள். மாசியில் கிணறு வற்றியது. டயாலிசிஸ் முடித்து வந்த நான்கு பேரை நாற்காலியில் வைத்துப் படிவழியே தூக்கினார்கள். அப்படி இரண்டு வருடம். மேலிருந்து ஏதாவது பாரம் இறங்காதா என்று மாலை வண்டி நேரத்துக்குக் கீழ்வண்டியில் ஏறிக் காத்திருக்கிற பழக்கம் மட்டும் விடவில்லை.

2008 ஜனவரியில் ஒரு செவ்வாய்க்கிழமை, ஐந்து பத்து வண்டிக்கு முன்னால் ஜஸ்டஸ் தன் மனைவி ஜெஸ்னாவுக்குப் போன் அடித்தான். கல்யாணம் முடிந்து எட்டு மாதம். ஜெஸ்னா பாறசாலையில் ஒரு லேபில் ரத்தம் எடுக்கிற வேலை பார்த்தாள். 'வேறொரு அழைப்பில் இருக்கிறார்' என்று மலையாளத்தில் ஒரு பெண்குரல் சொன்னது. ஏழு தடவை அடித்தான், ஏழு தடவையும் அதே குரல். கீழே அடிவாரத்தில், எறும்பளவு தெரிந்த கூட்டத்தில், ஜெஸ்னாவின் மஞ்சள் சுடிதாருக்குப் பக்கத்தில் ஒரு நீலச் சட்டை நின்றது. பொழியூர்க் கடற்கரையிலிருந்து மீன்பெட்டியோடு வருகிற சிபின். இறங்கிப்போய்ப் பார்க்கலாம் என்று ஜஸ்டஸ் காலி வண்டியில் ஏறி உட்கார்ந்தான். வண்டி நகர்ந்தது. பதினொரு பேர், ஒரு தையல் மிஷின், ஒரு மீன்பெட்டி இவ்வளவையும் கீழிருந்து இழுத்துக்கொண்டு நகர்ந்தது. நடுவழியில் இரண்டு வண்டியும் கடந்தபோது ஜெஸ்னா சிபின் சொன்ன எதற்கோ சிரித்துக்கொண்டிருந்தாள். அதன்பிறகு பிரேக்குக் கட்டை புகைந்தது. பிரேக்குக்காரர் ஞானசிகாமணி இரண்டு கையாலும் பிடியைத் தொங்கி அமுக்கி, "எலே, எவன்டே யானைய ஏத்துனது?" என்று கூவினார்.

இங்கேதான் ஜஸ்டஸ் ஒரு தப்புச் செய்தான். அவன் கம்பெனியில் ஏழு வருடம் எடைமேடைக் கணக்கனாக இருந்தவன். இல்லாத சரக்குக்கு ஊசி ஏறாது என்பது அவன் தொழில் நம்பிக்கை. அடிவாரத்தில் இறங்கியதும் ஊசியைப் பார்த்தான். ஆயிரத்து நூற்று நாற்பது. அப்படியானால் விஷயம் உண்டு! தன் கையாலேயே அந்த எண்ணைப் பதிவேட்டில் எழுதினான். அதற்குமேல் ஜெஸ்னா பைபிள்மேல் கைவைத்துச் சொல்லியும் அவன் கேட்கவில்லை.

கமிட்டி மற்றவர்களையும் முயன்று பார்த்தது. தம்பி கட்டிய இரண்டுமாடி வீட்டைப் பார்த்து வினீத் நூற்றைம்பது கிலோ காட்டினான். அவனுக்கே விசா வந்ததும் அறுபத்தாறுக்கு இறங்கிவிட்டான். கமிட்டித் தலைவி ரத்னபாய் டீச்சர் தன் நாத்தனார் கழுத்து நகையை நினைத்துத் தொண்ணூறு கிலோ கூடினார். ஓர் ஆளும் ஒரு தேங்காய்க் கூடையும் ஏறும், அவ்வளவுதான். நாள்தோறும் தவறாமல் ஆயிரம் கிலோவுக்கு மேல் தாங்கியது ஜஸ்டஸ் ஒருவன்தான். ஐந்து பத்து, ஆறு, ஆறு ஐம்பது என்று மாலைக்கு மூன்று வண்டி. ஒவ்வொரு தடவையும் உட்கார்ந்து இறங்குவான், படிவழியே ஏறி வருவான். இந்நேரம் அவள் வீட்டுக்குப் போயிருப்பாள், இந்நேரம் அவன் மீன்பெட்டியோடு நம் வாசலில் நிற்பான் என்று படிக்கு ஒரு நினைப்பாக நானூற்றுப் பன்னிரண்டு நினைப்பு. அடுத்த வண்டிக்கு அது தாராளம். சிபின் திரும்பும்போது படிவழியே இறங்கிவிடுவான். ஜஸ்டஸோடு ஒரே வண்டியில் உட்கார அவனுக்குத் தைரியம் கிடையாது.

ஆனால் ஜஸ்டஸை உள்ளே அரித்தது சிபின் அல்ல. ஜெஸ்னாவுக்குத் தன்மேல் ஒரு துளிப் பொறாமை இல்லையே என்பதுதான். நெய்யாற்றின்கரை மினியை அவன் வீட்டார் முதலில் பெண் பார்த்தார்கள், ஏதோ காரணத்தில் முறிந்தது. அந்தப் பெயரை அவன் சோற்றுக்கு நடுவே சும்மா எடுத்துப் போடுவான். "மினிக்குச் சொகந்தானே? கண்டா கேட்டேன்னு சொல்லுங்க" என்று ஜெஸ்னா மீன்குழம்பை ஊற்றுவாள். ஒருநாள் வேண்டுமென்றே அவளை எடைமேடையில் நிறுத்தி, மினியின் கண், மினியின் பாட்டு, மினியின் கைராசி என்று கால்மணி நேரம் பேசினான். ஊசி ஐம்பத்திரண்டில் நின்றது. கண்ணாடியைத் தட்டிப் பார்த்தான். ஐம்பத்திரண்டுதான். அன்றைக்கு ஆறு மணி வண்டி ஆயிரத்து இருநூற்றுத் தொண்ணூறு கிலோவில் இறங்கியது. அதுதான் அவன் வாழ்நாள் சாதனை.

2015-ல் சிபினுக்கும் ஜெம்மாவுக்கும் கல்யாணம் நடந்தது. ஜஸ்டஸ் விருந்துக்குப் போய், பிரியாணி தின்று, மாப்பிள்ளையின் கையைக் குலுக்கி வந்தான். மறுநாள் எடை முந்நூறு. கமிட்டி அவசரமாகக் கூடியது. ரத்னபாய் டீச்சர் ஜெஸ்னாவைத் தனியே கூப்பிட்டு, தினமும் வண்டியில் சிபின் பக்கத்திலேயே இருக்கவேண்டும், நடுவழியில் மட்டும் கொஞ்சம் சிரிக்கவேண்டும் என்று கேட்டுக்கொண்டார். டயாலிசிஸ் முடித்தவர்களை நாற்காலியில் தூக்கிச் சுமந்த நாட்களை ஜெஸ்னா நினைத்தாள். "எப்பிடியும் சந்தேகப்படத்தான் போறாவ. ஊருக்காவது உபகாரமாட்டு இரிக்கட்டு" என்றாள். ஜெம்மாவுக்கும் தெரியும். குன்றில் நூற்றுப்பதினான்கு வீட்டுக்கும் தெரியும். ஒன்பது வருடம், நடுவழி வந்ததும், அயிலைப் பெட்டிமேல் முழங்கை ஊன்றி ஜெஸ்னா சிரித்தாள். மழைக்காலத்தில் குடைக்குள் சிரித்தாள். காய்ச்சல் நாளிலும் சிரித்தாள். டிராம் ஒருநாள்கூட நிற்கவில்லை.

நின்றது போன வருடம், அறுப்பின் பண்டிகைக்கு முந்தின சனிக்கிழமை. அன்று மாலைச் சபை ஏலத்துக்கு வாழைக்குலை, சேனை, இரண்டு கோழி, எல்லாம் ஐந்து பத்து வண்டியில் கீழிருந்து ஏறின. ஆட்கள் பதினாலு. சிபின் உண்டு, ரத்னபாய் டீச்சர் உண்டு. சனிக்கிழமை லீவு என்றாலும் கடைவீதிக்குப் போய்த் திரும்பிய ஜெஸ்னாவும், வழக்கம்போல மீன்பெட்டிக்குப் பக்கத்தில். மேலிருந்து இறங்கும் வண்டியில் ஜஸ்டஸோடு ஓர் ஆள் கூடுதல்: மினி. பண்டிகைக்குத் தன் பங்காக, பூ அச்சில் முக்கிப் பொரிக்கும் அச்சப்பம் சுட்டுக் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, மிச்சப் பொட்டலத்தோடு ரயிலுக்குத் திரும்பிக்கொண்டிருந்தாள். வாய் ஓயாத பெண். வண்டி கிளம்பி நூறு மீட்டர் போனதும் ஆரம்பித்தாள்.

"ஜஸ்டஸண்ணே, நீங்க இன்னும் அந்தச் சிபின நெனச்சாக்கும் வண்டி இழுக்கிய? நல்ல கூத்து! கமிட்டி ஏற்பாடு பண்ணி இருத்துன கேஸ்லா அது. நெய்யாற்றின்கரையில எனக்கே தெரியும், உங்களுக்குத் தெரியாதா?"

ஜஸ்டஸ் ஐம்பத்தெட்டு கிலோ ஆனான்.

வண்டி சரியாக நடுவழியில் நின்றது. ஒரு நொடி. பிறகு பின்னோக்கி வழுக்கத் தொடங்கியது. பதினாலு பேர் இருந்த வண்டி கீழே பாயப் பார்த்தது. மேலே ஞானசிகாமணி கயிற்றின் துடிப்பிலேயே சங்கதியைப் பிடித்து, பிரேக்கில் தொங்கினார். கட்டை அலறி, புகைந்து, பிடித்தது. இரண்டு வண்டியும் அருகருகே நின்றன. ஒரு பக்கம் பாறைச்சுவர், மறுபக்கம் அறுபதடி ஆழத்தில் வெள்ளைத் தண்ணீர். அங்கே படி கிடையாது.

ஜஸ்டஸ் மனைவியைப் பார்த்தான். "எடி, மினி பறஞ்சது உள்ளதா?"

"உள்ளதாக்கும். ஒம்பது வருஷமாட்டு."

"எனக்கிட்ட ஒரு வார்த்த சொன்னியா?"

"சொன்னா நீங்க கனப்பியளா?"

"அண்ணே, சத்தியமாட்டு எங்களுக்குள்ள ஒண்ணும் கெடையாது" என்றான் சிபின். "எனக்க பெண்டாட்டியாக்கும் தெனமும் 'போயி அக்கா பக்கத்துல இரி'ன்னு தள்ளி விடுவா. வண்டி ஓடல்லேன்னா மீனு ஆரு வாங்குவா?"

"அப்போ தராசு?" என்று கேட்டான் ஜஸ்டஸ். கோழி ஒன்று கத்தியது.

போனில் ஞானசிகாமணி, கட்டை கிளம்பிய திசைக்குத்தான் இறுக்கியிருக்கிறது, இந்தப் பின்னிழுப்பைப் பத்து நிமிஷத்துக்குமேல் தாங்காது என்றார். ரத்னபாய் டீச்சர் யோசித்தார். எல்லாரும் ஜஸ்டஸின் வண்டிக்குத் தாண்டிவிட்டால் அந்தப் பாரத்தில் அது மெதுவாக அடிவாரத்துக்கு இறங்கிவிடும். பண்டிகை போனாலும் உயிர் மிஞ்சும். "வழக்கெல்லாம் வீட்டுல போயி பேசுங்க மக்கா. மொதல்ல எல்லாரும் அங்கோட்டு கேறுங்க!" ஒவ்வொருவராகத் தாண்டினார்கள். வாழைக்குலை தாண்டியது, மீன்பெட்டி தாண்டியது. ஜெஸ்னா மட்டும் எழுந்திருக்கவில்லை. "நான் வரல்ல. கமிட்டி சிரிக்கச் சொல்லிச்சு, சிரிச்சேன். இனி அந்த வண்டில ஏறி இவிய மூஞ்சியையும் பாக்கணுமா? எனக்கு மனசில்ல."

அந்த வண்டியில் இப்போது இடமில்லை. மினி ஜஸ்டஸின் தோளோடு நெருங்கி, விழாமலிருக்க அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். அவன் முகம் பிரேதம்போல இருந்தது. அவளுக்குப் பாவமாகப் போயிற்று. பொட்டலத்தைப் பிரித்தாள். "இந்தாங்க, ஒரு அச்சப்பம் தின்னுங்க. அன்னைக்குப் பெண்ணு பாக்க வந்தப்போ நான் சுட்டது ஓர்ம உண்டா? ரெண்டு தின்னுட்டு, வெக்கமில்லாம மூணாவது கேட்டியள்லா?"

ஜஸ்டஸ் தன்னை அறியாமல் சிரித்தான். டிராமில் பதினாறு வருடத்தில் முதல் தடவையாகச் சிரித்தான்.

"மூணாவது கேட்டியளா?" என்றாள் ஜெஸ்னா.

பெண் பார்க்க வந்த நாளில் ஜெஸ்னா சுட்ட முறுக்கில் அவன் ஒன்றுதான் எடுத்தான். அதையும் பாதி தின்று, பல்வலி என்று வைத்துவிட்டான்.

மேலே ஞானசிகாமணி பிரேக்கைத் தளர்த்தினார். "ஆண்டவரே, சக்கரம் தப்பாட்டாக்கும் கறங்குது" என்று அவர் சொன்னதைப் போனில் எல்லாரும் கேட்டார்கள். ஜெஸ்னா ஒற்றை ஆளாக உட்கார்ந்திருந்த வண்டி கீழே இறங்கிக்கொண்டிருந்தது. பலகை வளைந்து முனகியது. பதினைந்து பேர், வாழைக்குலைகள், சேனை, இரண்டு கோழி, ஒரு மீன்பெட்டி அத்தனையும் மேலே ஏறின. மினி ரயிலைத் தவறவிட்டாள். ஜஸ்டஸ் வாயில் அச்சப்பத்தோடு, சிறுத்துக்கொண்டே போகும் மஞ்சள் சுடிதாரைக் குனிந்து பார்த்தபடி, பதினாறு வருடத்தில் முதல் தடவையாக டிராமில் குன்று ஏறினான். ஏலம் ஆறரைக்குத் தொடங்கியது. சேனை நல்ல விலைக்குப் போனது.

ஜெஸ்னா படியேறி வீட்டுக்கு வரும்போது மணி ஏழு. ஜஸ்டஸ் சோறு போட்டு வைத்திருந்தான். "அச்சப்பம் மிச்சமுண்டா?" என்று கேட்டாள். இல்லை என்றான். "மூணும் தின்னாச்சா?" தின்னாச்சு என்றான். அன்றைக்கு அந்த வீட்டில் பாத்திரம் கழுவிய சத்தம் ஞானசிகாமணி வீடுவரை கேட்டது.

திங்கட்கிழமை விடிந்ததும் ஜஸ்டஸ் படிவழியே இறங்கிப்போய்ப் பதிவேட்டைத் திறந்தான். சனிக்கிழமைக்கு நேரே, ஜெஸ்னாவின் சாய்ந்த கையெழுத்தில், 1,460 என்று இருந்தது. சட்டை நுனியால் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி படித்தான். மேடையில் ஏறித் தன்னை நிறுத்து, தராசில் கோளாறில்லை என்று உறுதி செய்துகொண்டான். ஐம்பத்தெட்டு. இல்லாத சரக்குக்கு ஊசி ஏறாது. பதிவேட்டை மூடி, மறுபடி திறந்தான். தன் சாதனையைவிட நூற்றெழுபது கிலோ அதிகம்! ஒரே நாளில், எந்தப் பழக்கமும் இல்லாமல், அதுவும் வெறும் அச்சப்பத்துக்கு. அந்த எரிச்சலில் அன்று மாலை அவன் வண்டி ஆயிரத்து நூற்றெண்பது கிலோவில் இறங்கியது, சிபின் ஏதும் செய்யாமலே.

இப்போது பதிவேட்டில் 'எடை (நிரந்தரம்)' என்பதற்கு எதிரே இரண்டு பெயர். வாரநாட்களில் ஜஸ்டஸ் இறங்குகிறான். சனிக்கிழமை ஜெஸ்னா இறங்க, அவன் ஏறுகிறான். சிபின் வண்டியில் எங்கே வேண்டுமானாலும் உட்காரலாம். மினிக்குக் கமிட்டி சனிக்கிழமைக்கு மட்டும் இலவச பாஸ் கொடுத்திருக்கிறது. அவள் பொட்டலத்தோடு வருகிற வாரங்களில் பிரேக்குக்குப் புதுக் கட்டை போட வேண்டியிருக்கிறது. பிலாமரம் குன்றில் தாராளமாக உண்டு.