வெள்ளை எழுத்து உள்பக்கம்

பூ இருக்கோ எண்டு பாத்து எடுங்கோ அண்ணி, பூ இல்லாட்டில் சரிவராது... மூன்றாம் தரமும் சொல்லிவிட்டான் பிரவீணன், செத்துப்போன கணவரின் தம்பி, சொல்லும்போது நாக்குக் கூசவில்லை அவனுக்கு, எப்படிக் கூசும், அவன் சொல்வது டயரின் பக்கத்தில் அச்சடித்திருக்கும் அடையாளத்தை, மூன்று முகடுள்ள மலை, நடுவில் ஒரு பனித்துகள், அதைத்தான் அவனும் அவனுடைய கூட்டாளிகளும் பூ என்கிறார்கள், பூப் போட்ட டயர், பூ இல்லாத டயர், ஏதோ புடைவைக் கடையில் நிற்கிறமாதிரி. தவமலர் அந்தக் கறுப்பு ரப்பரைப் பார்த்தபடி நின்றாள். மார்ச் மாதம் நடேசன் தொழிற்சாலையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தார், எழும்பவில்லை, செத்தவீட்டன்று அவள் தலையிலிருந்து எடுத்ததற்கும் பூ என்றுதான் பெயர், எடுத்த கை இவனுடைய மனைவி சுபானியின் கை. டயருக்கு இருக்கவேண்டும், அவளுக்கு இருக்கக்கூடாது. வுப்பர்டால் என்ற ஜெர்மன் நகரத்தின் இந்தச் சனிக்கிழமைக் காலையில், ரப்பரும் எரிந்த எண்ணெயும் நேற்றைய கோப்பியும் ஒன்றாய் மணக்கிற இந்தக் கடையில், இவன் பூசிக்கொண்டு வந்திருக்கும் வாசனைத் தண்ணீர் வேறு... பெருவிரலை டயரின் வெட்டுக்குள் விட்டு விட்டு எடுக்கிறான், பிறகு அதே விரலால் மூக்கைத் துடைக்கிறான், பிறகு அதே விரலால் போனைத் தட்டி டயரை வீடியோ எடுத்து யாருக்கோ அனுப்புகிறான்.

வெளியே நிற்கிற அந்தக் காரை அவள் ஒருநாளும் விரும்பியதில்லை, எஸ்.யூ.வி என்று பெயர், மாடு படுத்த மாதிரி வீட்டு வாசலை அடைத்துக்கொண்டு நிற்கும், நடேசன் வாங்கிய கிழமையே அதன் டயர்களைக் கழற்றிவிட்டு, காட்டிலும் சேற்றிலும் ஓடுகிற முரட்டு டயர் நாலைப் போட்டுக்கொண்டு வந்து நின்றார், எங்கே காடு, எந்தச் சேறு, கோயிலுக்கும் கலியாண வீட்டுக்கும் போகிற காருக்கு? அவருக்கு அந்தத் தோற்றம் பிடித்திருந்தது, பல்லுப் பல்லாய் வெட்டு, பக்கத்தில் பெரிய வெள்ளை எழுத்து. எம், எஸ் என்று இரண்டு எழுத்து இருந்தது, சேற்றுக்கும் பனிக்கும் என்று அர்த்தம், அது போதும் என்று நினைத்துவிட்டார், போதாது, சட்டம் மாறிவிட்டது, மலையும் பனித்துகளும் இல்லாத டயரோடு பனி வீதியில் பிடித்தால் தண்டம். போன குளிரில் பனி கொட்டிய நாட்களில் இவ்வளவு பெரிய காரை வீட்டில் விட்டுவிட்டு ரயிலில் வேலைக்குப் போனார், அதை நினைத்தால் சிரிப்பு வருகிறது... இப்போது அந்தக் கார் அவளுக்குத்தான் வேண்டும். வீடு வீடாய்ப் போய் வயதானவர்களைக் கழுவித் துடைத்து மருந்து கொடுக்கிற வேலை, காலையில் முதலாவதாகப் போகிற வீடு மலைச்சரிவில், கடைசித் துண்டுப் பாதை தாரில்லாத காட்டுப் பாதை, நகரசபையின் பனி அள்ளும் வண்டி அங்கே ஏறாது, வேலையிடத்துச் சின்னக் காரும் ஏறாது. அங்கே ஒரு கிழவி ஈரத் துணியோடு படுத்திருப்பாள், யாராவது வரும்வரைக்கும்.

ஆனால் பிரவீணன் ஹம் நகரத்திலிருந்து விடியவே வெளிக்கிட்டு வந்தது அந்தக் கிழவிக்காக இல்லை. தை மாதம் அவன் மகள் லக்சிகா பெரியபிள்ளையானதற்குச் சாமத்தியச் சடங்கு, பிள்ளை மண்டப வாசலில் வந்து இறங்குகிற கார் இது, முகப்பில் மாலை, மேலே ட்ரோன் கமரா. சுபானி போன கிழமை போன் எடுத்துக் கதைத்தாள், அக்கா, காரை இவர் வெள்ளிக்கிழமையே வந்து எடுப்பார், நீங்கள் ஏன் விடியக்காலமை அலையிறியள், பின்னேரம் சாப்பாட்டு நேரத்துக்கு ஆறுதலா வாங்கோவன்... ஆறுதலா. எவ்வளவு பதமாய்ச் சொல்லத் தெரிகிறது இந்தச் சனத்துக்கு. ஆலாத்தி முடிந்து, பால் அறுகு வைத்து முடிந்து, மங்கலம் எல்லாம் முடிந்த பிறகு, சோற்றுக்கு வா. கார் மட்டும் முதலே வரட்டும், காருக்குப் புருஷன் செத்ததா என்று யாரும் பார்ப்பதில்லை. லக்சிகா பிறந்தபோது சுபானி மூன்று மாதம் எழும்ப முடியாமல் கிடந்தாள், அப்போது இரண்டு குடும்பமும் ஒரே வீட்டில்தான், பிள்ளையின் சளியை வாயால் உறிஞ்சி எடுத்தது யார், பால் கக்கிய தோளோடு வேலைக்குப் போனது யார்? தனக்கென்று ஒன்று தங்காத வயிற்றைப் பற்றி அவள் நினைக்காமல் இருந்தது அந்த வருடங்களில்தான். நேற்று அந்தப் பிள்ளை குரலில் செய்தி அனுப்பியிருந்தாள், பாதி ஜெர்மன், பாதி தமிழ், பெரியம்மா, எனக்கு நெர்வோஸா இருக்கு, நீங்க கார்ல எனக்குப் பக்கத்துல இருப்பீங்கதானே... இன்னும் பதில் போடவில்லை. என்ன போடுவது?

கடைக்காரர், வழுக்கைத் தலை ஜெர்மன்காரர், கேட்பதையெல்லாம் பிரவீணனைப் பார்த்தே கேட்டார், எங்கே ஓடுவீர்கள், தாரிலா, காட்டிலா, அவன் மார்பை நிமிர்த்திக்கொண்டு எல்லா இடமும் என்றான், ஹம்மில் எந்தக் காட்டைக் கண்டானோ. காரை நான்தான் ஓடுகிறேன், என்றாள் தவமலர். அப்போதுதான் அந்த மனிதரின் கண் அவள் பக்கம் திரும்பியது. தார் வீதியும் ஐஸும் மட்டும் என்றால் சாதாரண குளிர்கால டயர் போதும், அது மெதுரப்பர், நன்றாய்ப் பிடிக்கும், சத்தமும் இல்லை, என்றார், தாரில்லாத ஏற்றமும் இருக்கிறதென்றால் இது, முரட்டு டயர்தான், ஆனால் குளிருக்கு அனுமதி உள்ளது, அடையாளம் இருக்கிறது, நெடுஞ்சாலையில் கொஞ்சம் இரையும். பிரவீணனின் முகத்தைப் பார்க்கவேண்டும், வாய் காதுவரைக்கும், அவன் காலையிலிருந்து தடவிக்கொண்டு நிற்பதும் அதைத்தான், வெள்ளை எழுத்துப் போட்டது, பாத்தியளே அண்ணி, வீடியோவிலை சும்மா சிங்கம் மாதிரி நிக்கும். சிங்கம். அவளுக்கு உடனே மற்றதைக் கேட்கவேண்டும் போலிருந்தது, மெல்லிய, மொட்டையான, யார் கண்ணிலும் படாத டயர், இவனுடைய வீடியோவில் கார் கிழவன் வண்டிமாதிரி விழட்டும்... பிறகு அந்தக் காட்டுப் பாதை ஞாபகம் வந்தது, போன குளிரில் வேலையிடத்துச் சின்னக் கார் பாதி ஏற்றத்தில் சில்லுச் சுற்றி நின்றுவிட, மருந்துப் பையைத் தூக்கிக்கொண்டு முழங்கால் பனியில் நடந்தது. இவனுக்குப் பிடித்ததும் தனக்குத் தேவையானதும் ஒரே டயராக வந்து தொலைத்ததே, அதுதான் எல்லாவற்றிலும் பெரிய அருவருப்பு. ஒருவேளை நடேசன் வாங்கியதும் பிழையில்லையோ, கொஞ்சம் பார்த்து வாங்கியிருந்தால்...

இதையே போடுங்கள், என்றாள் கடைக்காரரிடம், வெள்ளை எழுத்து உள்பக்கம். அவர் புருவத்தை உயர்த்தினார், செய்யலாம், இந்த டயரை எந்தப் பக்கமும் திருப்பிப் போடலாம், வெளியே வெறும் கறுப்புத்தான் தெரியும். பிரவீணன் போனைப் பையில் வைத்தான். "என்ன அண்ணி விளையாடுறியளே? எழுத்துத்தானே அதின்ரை வடிவு."

"எனக்கு வேண்டாம்."

"சரி, சடங்கு முடிஞ்சாப் பிறகு திருப்புவம். அதுவரைக்கும் வெளியிலை..."

"சடங்குக்கு இந்தக் கார் வந்தா நான்தான் ஓடிக்கொண்டு வருவன் பிரவீணன். விடிய. கதவைத் திறந்து பிள்ளையைக் கைபிடிச்சு இறக்கிறதும் நான்தான். இல்லையெண்டா நீர் வேறை கார் பாரும்."

சொன்ன குரல் தன்னுடையதுதானா என்று இருந்தது. அவன் கடைக்காரரைப் பார்த்தான், நிலத்தைப் பார்த்தான், அவருக்குத் தமிழ் விளங்காது என்பதை மறந்தவன்போலக் குரலைத் தணித்தான். எனக்கு ஒண்டுமில்லை அண்ணி, சத்தியமா, சுபானியின்ரை ஆக்கள், சனம், நாளைக்குப் பிள்ளைக்கு ஒண்டெண்டா எங்களைத்தான்... என்று இழுத்தான், எந்தச் சனம், அகதியாய் வந்திறங்கியபோது ஒரு அறையில் எட்டுப்பேர் படுத்த அதே சனம்தானே. கடைசியில் அவன் கெஞ்சுகிற மாதிரிச் சொன்னான், "அண்ணை இருந்தா இதுக்கு என்ன சொல்லுவார் எண்டு ஒருக்கா யோசியுங்கோ அண்ணி."

அவர் இருந்தால் இந்தக் கேள்வியே இல்லையே மடையா, என்று வாய்வரைக்கும் வந்தது, அவர் என் பக்கம்தான் நிற்பார் என்று அடுத்ததாக வந்தது, அதற்கு ஒரு சாட்சி தேடி மனம் ஓடியது, ஓடிப்போய் ஒரு கலியாண மண்டபத்தில் நின்றது, நடேசனின் மாமி அன்னப்பிள்ளை, தாயில்லாத அண்ணன் தம்பி இரண்டு பேரையும் வளர்த்தவர், தாலியிழந்தவர், கடைசி வரிசைக்கும் பின்னால், குளிர்ச் சட்டைகள் கொழுவிய இடத்தில் ஒரு கதிரையில் இருந்தார், மேடையில் எல்லோரும் அறுகரிசி போட்டு முடிய, நடேசன் தானே ஒரு தட்டில் சோறு போட்டு, வடை இரண்டு கூடுதலாய் வைத்து, அவ்வளவு சனத்துக்குள்ளும் கொண்டுபோய், மாமியின் காலடியில் குந்தியிருந்து கதை சொல்லிச் சிரிக்க வைத்துச் சாப்பிட வைத்தார். எவ்வளவு நல்ல மனிதர் என்று தவமலருக்கு அன்று கண் கலங்கியது. இந்த எட்டு மாதமும் அந்தக் காட்சியை எத்தனை தரம் எடுத்து எடுத்துப் பார்த்திருப்பாள்... தட்டை அவ்வளவு தூரம் பின்னுக்குக் கொண்டுபோனவர். கதிரை அங்கேயேதான் இருந்தது. கடைக்காரர் ஏதோ கேட்டார், உள்பக்கம்தானே, உறுதியா, அவள் ஜெர்மனை மறந்து ஓம் என்றாள். அந்தக் கதிரையை முன்னுக்கு இழுக்கவேண்டும் என்று நடேசனுக்குத் தோன்றவேயில்லையா, தோன்றியும் விட்டுவிட்டாரா, எது என்று கேட்க இனி ஆளில்லை, எதுவாயிருந்தால் தன்னால் பொறுத்துக்கொள்ள ஏலும் என்பதும் அவளுக்குத் தெரியவில்லை.