பேத்துப்பாறையில் கெட்டிமேளம்

பழனி அடிவாரத்தில் கடை வைத்திருப்பவர்கள் கண்ணை மூடினால் கண்ணுக்காவது ஓய்வு கிடைக்கும். காதுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. செந்தில்வேலின் பஞ்சாமிர்தக் கடைக்குப் பக்கத்திலேயே ஒரு ஸ்பீக்கர், எதிர்ச்சாரியில் இன்னொன்று. விடியுமுன் ஆரம்பிக்கிற பக்திப் பாட்டு கடை சாத்துகிற வரைக்கும் ஓயாது. இரண்டிலும் அநேகமாக ஒரே பாட்டுதான், ஒன்று அரை வரி முந்திப் போகும், மற்றது அரை வரி பிந்தி வரும். எந்த வரிக்கு அப்புறம் எந்த வரி, பாடுகிறவர் எங்கே மூச்சு இழுப்பார் என்பதெல்லாம் கல்லாவில் உட்காருகிற அவர் மனைவி சண்முகசுந்தரிக்குத் தலைகீழ்ப் பாடம்.

இப்படிப்பட்ட இடத்தில் பிழைக்கிற மனுஷன் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை கொடைக்கானல் மலையேறிப் போய் இன்னும் கொஞ்சம் சத்தம் கேட்டுவிட்டு வருகிறார் என்றால் வீட்டில் என்ன சொல்வார்கள்? அதைத்தான் சொன்னார்கள்.

அந்தச் சத்தத்துக்குப் பெயர் ஃப்ரீ ஜாஸ். பேத்துப்பாறையில் காப்பிக்கொட்டை மூட்டை அடுக்கிவைத்திருந்த ஒரு பழைய கிட்டங்கி இருக்கிறது, தகரக் கூரை போட்டது. கொடைக்கானலில் ஒரு பள்ளிக்கூடத்தில் மியூசிக் சாராக இருக்கும் டிக்சன் அதைக் கூட்டித் துடைத்து, தன் டிரம்ஸ் செட்டை இறக்கி, மாதத்தின் இரண்டாவது ஞாயிறு மத்தியானம் அங்கே கச்சேரி நடத்துகிறார். வெளியூரிலிருந்து சாக்ஸபோன், ஆளுயரத் தந்தி வாத்தியமான பேஸ் வாசிக்கிறவர்கள் வருவார்கள். என்ன மெட்டு, என்ன தாளம், எங்கே நிறுத்துவது, ஒன்றும் பேசி வைத்துக்கொள்வதில்லை. ஒருவர் தொடங்குவார், அடுத்தவர் அதைக் காதில் வாங்கிக்கொண்டு தனக்குத் தோன்றியதைச் செய்வார், மூன்றாமவர் இரண்டு பேரையும் கெடுப்பார். கேட்க ஒரு பத்துப் பதினைந்து பேர் வருவார்கள். பள்ளிக்கூடத்து ஆட்கள், தோட்டத்து பங்களாக்காரர்கள், ஊர் சுற்ற வந்த வெள்ளைக்காரர்கள். அப்புறம் பழனியிலிருந்து பஞ்சாமிர்த டப்பாவோடு செந்தில்வேல்.

அவர் முதல் தடவை போனதே தற்செயல்தான். நாலு வருஷத்துக்கு முன்னால் கடைக்கு மலைவாழை பேசப் போனவர், மழைக்காக அந்தக் கிட்டங்கியில் ஒதுங்கினார். உள்ளே மூன்று பேர் கருவிகளோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்கள். சுதி சேர்க்கிறார்கள், முடித்ததும் பாட்டு தொடங்கும் என்று பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். வெகுநேரம் உட்கார்ந்தார். கடைசியில் எல்லோரும் எழுந்து கை தட்டினார்கள். கச்சேரியே முடிந்துவிட்டதாம். ஏமாந்த முகத்தோடுதான் பஸ் ஏறினார். ஆனால் சவரிக்காடு வருவதற்குள், அந்த சாக்ஸபோன் ஓரிடத்தில் குட்டிநாய் மாதிரி முனகியதும், டிரம்ஸ் அதை அடக்கிச் சமாதானம் பண்ணப் பார்த்ததும், அது அடங்க மாட்டேன் என்றதும் ஞாபகத்துக்கு வந்து தனியாகச் சிரித்துவிட்டார். பக்கத்து சீட்டுக்காரர் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தார்.

அடுத்த மாதம் தானாகவே கால் அங்கே போனது. அப்புறம் அது வழக்கமாகிவிட்டது. இடதுபக்கச் சுவரோரம் அவருக்கென்று ஒரு நாற்காலி, அங்கிருந்து பார்த்தால் டிக்சனின் முகம் தெரியும். எல்லா மாதமும் அமிர்தம் பொழியும் என்று சொல்ல முடியாது. சில மாதம் ஆளுக்கொரு பக்கம் இழுத்து, சப்பென்று போய்விடும், மலையிறங்கும்போது வாய் கசக்கும். ஆனால் பிடித்துக்கொண்டால் பிடித்துக்கொண்டதுதான். அடுத்து என்ன வரும் என்று வாசிக்கிறவர்களுக்கே தெரியாத ஓர் இடத்தில் மூன்று பேரும் ஒரே மூச்சில் போய் விழுவார்கள் பாருங்கள், அப்போது செந்தில்வேலுக்குக் கை மயிர் சிலிர்த்துக்கொள்ளும். ஏன் என்று கேட்டால் அவருக்குச் சொல்லத் தெரியாது.

சுந்தரி கேட்கத்தான் செய்தாள். அவர் வீடு திரும்பும்போதெல்லாம், என்னதான் வாசித்தார்கள் என்று கேட்பாள். அவரும் ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் யோசித்துவிட்டு ஒரே பதிலைச் சொல்வார்.

"சொல்ல வராது சுந்தரி. நீ இருந்திருக்கணும்."

நாள் பூராவும் கல்லாவில் தனியாக உட்கார்ந்து களைத்த பெண்டாட்டியிடம் சொல்லக் கூடாத பதில் என்று ஒன்று இருந்தால் அது இதுதான். நாலு வருஷம் அவள் பொறுத்ததே பெரிய காரியம்.

தைப்பூசக் கூட்டத்தில் அந்தப் பொறுமை முடிந்தது. பாதயாத்திரை வந்தவர்கள் கடை வாசலில் அடைத்துக்கொண்டு நிற்கும்போதுகூட மனுஷன் டப்பாவைத் தூக்கிக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்குக் கிளம்பிவிட்டார். திரும்பி வந்தபோது சுந்தரி சண்டை போடவில்லை, சோற்றைப் போட்டுவிட்டு எதிரில் உட்கார்ந்தாள்.

"அடுத்த தடவ நானும் வாறேன். கடைய விட்டுட்டு ஓடுற அளவுக்கு அங்கன என்னதான் கெடக்குன்னு எனக்கும் தெரியணும்ல. ஒண்ணுமில்லேன்னு எனக்குப் பட்டுச்சுன்னா, அதோட நீங்களும் நிறுத்திரணும். சரிதானங்க?"

சரி என்றார். வேறு என்ன சொல்வது, நியாயம் முழுக்க அவள் பக்கம் இருந்தது.

அன்றிலிருந்து செந்தில்வேலுக்கு நிம்மதி போயிற்று. அந்த ஞாயிறு சப்பென்று போகிற ஞாயிறாக இருந்துவிட்டால்? நன்றாக அமைந்தால்கூட சுந்தரிக்கு அது என்னவென்று புரியப்போகிறது? சொந்தக்காரர் கல்யாணங்களில் முன்வரிசையில் உட்கார்ந்து, தாலி எடுக்கும் நேரம் பார்த்து, ஐயருக்கும் முந்திக் கை உயர்த்தி, விரலை ஆட்டிக் கெட்டிமேளம் கேட்கிறவள் அவள். அவளுக்குத் தெரிந்த கச்சேரி அதுதான் என்று நினைத்தார். யோசித்து யோசித்து, கடைசியில் ஒரு ரசிகன் செய்யக் கூடாத காரியத்தைச் செய்தார். டிக்சனுக்குப் போன் போட்டு, நடுவில் ஒரு ஐந்து நிமிஷம் காவடிச்சிந்து மெட்டு ஏதாவது வாசிக்க முடியுமா, அவளுக்குத் தெரிந்ததாக ஒன்று இருந்தால் நல்லது என்று கேட்டார்.

"அண்ணே, நீங்களா இதைக் கேக்குறீங்க?" என்றார் டிக்சன். அப்புறம், இந்த மாதம் சாக்ஸபோனுக்குச் சென்னையிலிருந்து ரோகிணி வருவதாகவும், அவரிடம் சொல்லிப் பார்ப்பதாகவும் சொல்லி போனை வைத்தார். செந்தில்வேலுக்கு வெட்கமாகத்தான் இருந்தது. ஆனாலும் மாதத்தில் அந்த ஒரு மத்தியானம் இல்லாமல் போவதை நினைத்தால் வெட்கம் பெரிதாகப் படவில்லை.

கடையைப் பார்த்துக்கொள்ள கன்னிவாடியிலிருந்து சுந்தரியின் தம்பி குமாரவேல் வந்தான். அங்கே அவனுக்குக் காய்கறி மண்டி இருக்கிறது. இந்த ஒரு நாளோடு சரி, மறுபடி என்னைக் கூப்பிடாதீர்கள் என்று முன்னாலேயே சொல்லிவிட்டான். சுந்தரி பட்டுச்சேலை கட்டி, தலை நிறையப் பூ வைத்துக்கொண்டு கிளம்பினாள். கச்சேரி என்றால் கச்சேரிக்கான மரியாதை உண்டு என்றாள். பெருமாள்மலையில் இறங்கி, ஜீப்பில் பேத்துப்பாறை போய், கிட்டங்கிக்குள் நுழைந்ததும் நேராக முன்வரிசைக்குப் போய் நடுவில் உட்கார்ந்தாள். செந்தில்வேல் தன் சுவரோர நாற்காலியை ஒரு பார்வை பார்த்துவிட்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தார்.

டிக்சன் குச்சியால் சிம்பல் தட்டை மெதுவாகத் தேய்த்தார், பித்தளைக் குடம் துலக்குகிற சத்தம் வந்தது. ரோகிணி சாக்ஸபோனில் வாய் வைத்து வெறும் காற்றை ஊதினார், சுரம் எதுவும் வரவில்லை. பேஸ் வாசித்த வெள்ளைக்காரர் தந்தியை விட்டுவிட்டு மரப்பெட்டியை விரலால் தட்டினார். செந்தில்வேலுக்கு உள்ளூரப் பொங்கியது. இது நல்ல ஞாயிறு, அவருக்கு ஆரம்பத்திலேயே தெரிந்துவிடும். ஆனால் ரசிக்க முடியவில்லை. ஒரு கண் முழுக்கச் சுந்தரி மேலேயே இருந்தது.

முதலில் பையை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, பஸ்ஸுக்குக் காத்திருக்கிறவள் மாதிரி உட்கார்ந்திருந்தாள். சாக்ஸபோன் வீறிட்டபோது கண்ணை ஒரு தரம் கொட்டினாள். கொஞ்சநேரத்தில் பையைத் தரையில் வைத்தாள். அப்புறம் செருப்பைக் கழற்றினாள். அப்புறம் நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டாள். முடிந்தது கதை, தலைவலி வந்துவிட்டது இவளுக்கு என்று செந்தில்வேல் முடிவு கட்டிக்கொண்டார்.

அந்த நேரத்தில்தான் ரோகிணி அந்த மெட்டை எடுத்தார். காவடிச்சிந்து. பழனியில் பிறந்த குழந்தைக்குக்கூடத் தெரிந்த மெட்டு. சத்தத்துக்கு நடுவிலிருந்து அது குளித்துத் திருநீறு பூசிக்கொண்டு வருகிற மாதிரி வந்தது. டிக்சன் தாளத்தைச் சீராகப் பிடித்துக்கொண்டார். அப்பாடா என்று செந்தில்வேல் மூச்சு விட்டார்.

சுந்தரி கண்ணைத் திறந்தாள். முகம் சுண்டிப்போயிருந்தது. அவர் காதருகில் குனிந்தாள்.

"இதைக் கேக்கவா இம்புட்டுத் தூரம் கூட்டியாந்தீங்க? இதுதான் கடை வாசல்ல நாள் முச்சூடும் ஓடுதே. இப்பத்தான் அடுத்து என்னன்னு தெரியாம, காது குளுந்து உக்காந்திருந்தேன்."

மெட்டு இரண்டாவது சுற்றுக்குத் திரும்பியது. அடுத்த வரியும் அதற்கடுத்த வரியும் வரிசையாக வரப்போவது சுந்தரிக்குத் தெரியும், அவளால் தாங்க முடியவில்லை. என்ன செய்கிறோம் என்று நினைக்காமலே வலது கையைத் தலைக்கு மேல் தூக்கினாள். ஆள்காட்டி விரலை நீட்டி, டிரம்ஸைப் பார்த்து வேகமாக ஆட்டினாள்.

பின்னால் இருந்த வெள்ளைக்காரர்கள் இதுவும் கச்சேரியில் சேர்த்தி என்று நினைத்திருப்பார்கள். டிக்சன் தமிழர், ஊரில் எத்தனையோ கல்யாணச் சாப்பாடு சாப்பிட்டவர். அந்த விரலுக்கு என்ன அர்த்தம் என்று அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. கெட்டிமேளம் கொட்டி, காதில் விழக் கூடாத எதையோ அமுக்கச் சொல்லி உத்தரவு வந்திருக்கிறது. முகம் மலர்ந்து, இரண்டு குச்சியையும் ஓங்கி எல்லா டிரம்மிலும் ஒரே நேரத்தில் விழுந்தார். ரோகிணி ஒரு கணம் திகைத்தார், அப்புறம் புரிந்துகொண்டு மெட்டை உதறிவிட்டு உச்சியில் ஏறினார். பேஸ்காரருக்கு ஒன்றும் புரியவில்லை, ஆனால் சும்மா இருக்கவில்லை. தகரக் கூரை அதிர்ந்தது. சுந்தரி விரலை இறக்கவே இல்லை. அவர்கள் தணியப் பார்த்தபோதெல்லாம் ஆட்டினாள், மறுபடி எழுந்தார்கள். கடைசியில் கையை மெதுவாக மடியில் வைத்தபோது மூன்று பேரும் ஒரே இடத்தில் நின்றார்கள். செந்தில்வேல் நாலு வருஷத்தில் கேட்ட கச்சேரிகளில் இதற்குப் பக்கத்தில் வைக்க ஒன்றுமில்லை. கை மயிர் சிலிர்த்து நின்றது, கண் கலங்கிவிட்டது. பக்கத்தில் சுந்தரி சின்னப் பிள்ளை மாதிரி சிரித்துக்கொண்டிருந்தாள்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் சுந்தரி ஜன்னலோரம் உட்கார்ந்து வந்தாள். வரதமாநதி அணை தெரிந்ததும் அவர் பக்கம் திரும்பினாள்.

"அந்த மெட்டை நீங்கதான சொல்லி வெச்சது?"

ஆமாம் என்று தலையாட்டினார்.

"அந்த டிரம்ஸ்காரர் எப்ப மூச்சு விடுவாருன்னு ஒங்களுக்குத் தெரியுது. என் காது எதுக்கு ஏங்கிக் கெடக்குன்னு ஒங்களுக்குத் தெரியலையே."

குற்றம் சொல்லுகிற குரலில் சொல்லவில்லை, அதனால்தான் செந்தில்வேலுக்குச் சுருக்கென்று தைத்தது. பக்கத்திலேயே இத்தனை காலம் உட்கார்ந்திருந்த காதை விட்டுவிட்டு, மலைமேல் போய்ச் சத்தம் தேடியிருக்கிறோமே என்று நினைத்தார். வருத்தமாகவும் இருந்தது, பெரிய பாரம் இறங்கிய மாதிரியும் இருந்தது. இனி நிறுத்த வேண்டியதில்லை, அது மட்டும் நிச்சயம்.

ஆனால் சுந்தரி கல்லாவில் உட்கார்ந்து பழகியவள், அடுத்த கணக்குக்குப் போய்விட்டாள். ரெண்டு பேரும் கிளம்பினால் கடையை யார் பார்ப்பது, குமாரவேல் இனி வரமாட்டான். அதனால் ஒரு மாசம் அவர், ஒரு மாசம் அவள். அடுத்த மாசம் அவளுடையது. நியாயம் இந்தத் தடவையும் அவள் பக்கம்தான், செந்தில்வேல் சரி என்றார்.

அடுத்த மாதம் இரண்டாவது ஞாயிறு அவர் கல்லாவில் உட்கார்ந்திருந்தார். இந்தப் பக்கம் ஒரு ஸ்பீக்கர், அந்தப் பக்கம் ஒரு ஸ்பீக்கர், அரை வரி முந்தி, அரை வரி பிந்தி. டப்பா எடுத்துக் கொடுத்துக்கொண்டே மணியைப் பார்த்துக்கொண்டிருந்தார். இப்போது டிக்சன் சிம்பலைத் தேய்ப்பார். இப்போது நடுவில் சூடு பிடித்திருக்கும். கும்பகோணத்திலிருந்து யாரோ டிராம்போன் என்கிற ஊதுகுழலைக் கொண்டுவருவதாக வேறு சொல்லியிருந்தார்கள், அதைத்தான் தாங்க முடியவில்லை.

விளக்கு வைக்கிற நேரத்துக்குச் சுந்தரி வந்தாள். பையில் பேத்துப்பாறை வெண்ணெய்ப்பழம், தலையில் வாடிய பூ, முகத்தில் பஸ் பயணத்தின் களைப்பையும் மீறிய ஒரு வெளிச்சம். அவள் செருப்பைக் கழற்றுவதற்குள் செந்தில்வேல் எழுந்து வந்து, எப்படி இருந்தது, என்ன வாசித்தார்கள் என்று கேட்டார்.

சுந்தரி சொல்லத்தான் வாயைத் திறந்தாள். கையை மேலே கொண்டுபோனாள், எதையோ காற்றில் பிடித்துக் காட்டப் பார்த்தாள், அது வரவில்லை. கையை இறக்கிவிட்டுச் சிரித்தாள்.

"சொல்ல வராதுங்க. நீங்க இருந்திருக்கணும்."

செந்தில்வேலுக்கு வயிறு எரிந்தது. அதைவிடச் சந்தோஷம் அதிகமாக இருந்தது. விடாமல் பின்னாலேயே போய், அந்த டிராம்போன் எப்படி ஆரம்பித்தது, அதையாவது சொல் என்று கடை சாத்துகிற வரைக்கும் கேட்டுக்கொண்டிருந்தார்.