ஆதிமூலம் விட்ட பழைய மூச்சு

செஞ்சியில் அறுபத்தைந்தாம் வருஷம் ஆனி மாதம், பொட்டு மேகமில்லாத ஒரு நடுப்பகலில், கல்லுடைக்கும் ஆதிமூலம் விட்ட ஒரே மூச்சில் முந்தின வருஷத்து ஐப்பசி மழை வெளியே வந்து வீட்டுத் தரையை நனைத்தது. அவன் பெண்சாதி மீனம்பாள் கோணிச் சாக்கை எடுத்துத் துடைத்தாள்.

அவனுக்கு நாற்பது வயதுதான். வல்லம் பாதையிலிருந்த கல்குவாரியில் மீசை முளைக்கும் முன்பே வேலைக்குப் போனவன். வெடி வைத்தும் ஜல்லி உடைத்தும் நெஞ்சு முழுக்கக் கல்தூசி. கிணற்றடிக்குப் போய்த் திரும்புவதற்குள் உதடு நீலம் பாரித்துவிடும். படுத்தால் யாரோ மார்மேல் ஏறி உட்கார்ந்தது போலிருக்கும் என்று சுவரில் சாய்ந்தே தூங்குவான். இழுத்த மூச்சை வெளியே விட அவனுக்குப் பயம். விட்டது திரும்பி வராமல் போனவர்களை அவன் தோள் கொடுத்துச் சுமந்திருக்கிறான்.

மழை வந்த அன்று காலையில்தான் ஆஸ்பத்திரி நர்ஸ் பத்மினி, உள்ளூர் ஜைன வீட்டுப் பெண், அவன் முதுகைத் தட்டிப் பார்த்திருந்தாள். “காத்து பத்தலன்னு நெனைக்கிறீங்க. அப்படி இல்ல. பழைய காத்து வெளிய போவாம அடைச்சினு இருக்குது. அது போனாதான் புதுசு நுழையும். மூக்கால இழுத்து, ஊதாங்கொழல் ஊதறாப்பல உதட்டக் குவிச்சி மெதுவா வுடுங்க. கெட்ட நொரையீரல் நல்லாவாது. ஆனா மூச்சு உங்க சொல்லு கேக்கும்.”

காலையும் மாலையும் ஊதினான். மழைக்குப் பின்னால் அதற்கும் முந்திய வருஷத்து அவலூர்பேட்டைச் சந்தையின் வெல்ல வாசனை வந்தது. அடுத்து அறுபத்திரண்டு எலெக்‌ஷன் போஸ்டர் பசை நாறியது. பக்கத்து வீட்டு மாரியம்மாள் எட்டிப் பார்த்து மூக்கை உறிஞ்சி, “இது எங்க மாமியா செத்த வருசம்” என்று சொல்லிவிட்டுப் போனாள். கிணற்றடிக்குப் போய்வந்த பிறகும் அவனுக்குப் பேச மூச்சு மிஞ்சியது.

அறுபதாம் வருஷத்துக் காற்று வந்ததும் ஊதுவதை நிறுத்திவிட்டான். மறுபடி உதடு நீலம் பாரித்தது. கண் பிதுங்கச் சுவரோடு சாய்ந்து கிடந்தான்.

“இன்னாய்யா, ஊதறத ஏன் நிறுத்திட்ட?” என்றாள் மீனம்பாள்.

“அடுத்தது வீராசாமி வருவான்.”

வீராசாமி அவன் தம்பி. ஐம்பத்தொன்பது சித்திரையில், குவாரியில் வெடி நேரத்துக்கு முந்தியே வெடித்தபோது செத்துப்போனவன். அந்தப் புகைக்குள் இழுத்த மூச்சை ஆதிமூலம் அதன் பிறகு முழுசாக விட்டதேயில்லை.

“கத்தினே வருவான், மீனா. வெடிச் சத்தத்துல ஒண்ணும் கேக்கல. வாய் அசைஞ்சது மட்டுந்தான் கண்டேன். இன்னா கேட்டானோ. அதக் கேட்டுட்டு நான் எப்படி இருப்பேன்?”

மீனம்பாள் அடுப்பிலிருந்த சோற்றை மூடினாள், இரண்டு கதவையும் திறந்து வைத்தாள், அவன் பின்னால் உட்கார்ந்து முதுகில் உள்ளங்கையை வைத்தாள். “நீ வுடு. ரெண்டு பேரும் கேப்போம்.”

அவன் காதைப் பொத்திக்கொண்டு உதட்டைக் குவித்தான். கருமருந்து நெடி முதலில் வந்தது. பிறகு வெள்ளைத் தூசி, கூரை தெரியாத அளவுக்கு. மீனம்பாள் கண்ணை இறுக மூடிக்கொண்டாள். தூசிக்கு நடுவிலிருந்து, வெயிலில் களைத்த குரல் ஒன்று சாவகாசமாகக் கேட்டது.

“ண்ணா, அண்ணி இன்னா கொழம்பு வச்சிக்குது?”

பொத்திய கையையும் தாண்டி அது ஆதிமூலத்துக்குக் கேட்டது. கையை எடுத்தான். வேறு ஒன்றும் வரவில்லை.

“கருவாட்டுக் கொழம்பு, வீராசாமி,” என்றாள் மீனம்பாள்.

அவன் இழுக்காமலே அடுத்த மூச்சு தானாக உள்ளே போனது.

இருமல் அவனை விடவில்லை, மலையேறவும் முடியவில்லை. ஆனால் பாயில் கால்நீட்டிப் படுத்தான். பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்து வறுத்த மல்லாட்டைக் கடலை விற்று மேலும் பல வருஷம் இருந்தான். சேதி பரவி மற்ற குவாரி ஆட்களும் வந்தார்கள். வியாழக்கிழமைதோறும் ஆஸ்பத்திரி வேப்பமரத்தடியில் பத்மினி அவர்களை உட்காரவைத்து ஊதச் சொல்வாள். பழைய மழையும் புழுதியும் செத்தவர்கள் பேச்சும் தெருவரை வரும். அதனால் வியாழனன்று அந்தத் தெருவில் யாரும் வடாம் காயவைப்பதில்லை.